நரம்பிடைத் தூது

யாழிற் கட்டிய நரம்பையும் உடலில் ஓடும் நரம்பையும் ஒரே சொல்லாற் குறிப்பது தமிழ் வழக்கு. யாழ் நரம்பின் ஒருமுனையைத் தெறிப்பின் மறுமுனை வரை அதிர்வு ஓடுகின்றது. உடல் நரம்பும் மூளையினின்று விரல்நுனி வரை அறாது செல்லும் கயிறு போல்வது எனக் கருதுதல் இயல்பே. ஆயின் உண்மை அதுவன்று. நரம்பு மண்டலம் தனித்தனி நரம்பணுக்களால் ஆயது; மனித மூளையில் மட்டும் அவை ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன. மூளையில் ஓரணுவின் முனைக்கும் அடுத்த அணுவிற்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் 50,000-ல் ஒரு பங்கு அளவினதாகிய வெளி உண்டு. இவ்வாறு அணுக்கள் அணுகி நிற்கும் இடத்திற்கு ஆங்கில உடலியலறிஞர் ஷெரிங்டன் 1897-ல் சினாப்ஸ் எனப் பெயரிட்டார். நாம் அதனை நரம்புச் சந்தி என்போம்.

இவ்வெளியை மின்விசை தாவிக் கடக்கின்றதா, அன்றி வேறொரு பொருள் தூது செல்கின்றதா என்பது நெடுநாள் வினாவாக இருந்தது. ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஆட்டோ லோவி இதற்கு விடை கண்டார். அவர் இரு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் நரம்பை மின்விசையால் தூண்ட, அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்தில் இருந்த நீரை எடுத்து இரண்டாம் இதயத்திற் பெய்தார். நரம்பு தூண்டப்பெறாத அவ்விதயமும் தளர்ந்து துடித்தது. நரம்பு ஈந்த பொருளொன்று அந்நீரிற் கலந்திருந்தமை தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சி 1921-ல் வெளிவந்தது. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. லோவியும் ஆங்கில அறிஞர் ஹென்றி டேலும் 1936-ல் நோபெல் பரிசு பெற்றனர்.

நம் இலக்கணத்தில் இதற்கோர் ஒப்புமை உண்டு. உயிரீற்றுச் சொல்லும் உயிர்முதற் சொல்லும் நேரே புணராவாகலின் இடையே உடம்படுமெய் தோன்றி அவற்றை இணைக்கின்றது. மின்விசை நேரே கடக்கும் சந்திகள் சில உளவாயினும், பெரும்பாலான சந்திகளில் வேதிப்பொருளே உடம்படுமெய் போல இடைநின்று இணைக்கின்றது.

அப்பொருள் வெளிப்படும் முறையை இனி நோக்குவாம். நரம்பு முனையினுள் நுண்ணிய குமிழிகள் பல நிறைந்துள்ளன. ஒவ்வொரு குமிழியிலும் தூதுப்பொருளின் மூலக்கூறுகள் பல்லாயிரம் அடங்கியுள்ளன. மின்துடிப்பு முனையை அடைந்தவுடன் கால்சியம் உட்புகும் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் புகவே, குமிழியின் உறையும் முனையின் உறையும் ஒன்றாய்ப் பொருந்தி வாய்திறக்க, உள்ளிருந்த பொருள் வெளியே சொரிகின்றது. அஃது எதிரணுவின் ஏற்பிகளைச் சென்று பற்ற, செய்தி சேர்ந்துவிடுகின்றது. இப்பொருள் சிறுசிறு பொதிகளாகவே வெளிப்படுகின்றது என்பதனை 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் தவளையின் நரம்பும் தசையும் கூடும் சந்தியில் ஆராய்ந்து காட்டியவர் பெர்னார்டு காட்ஸ். அவர் 1970-ல் நோபெல் பரிசு பெற்றார்.

செய்தி சேர்ந்தவுடன் வேலை முடிந்ததென்று எண்ணற்க. சொரிந்த பொருள் வெளியிலேயே தங்கின், அடுத்த செய்திக்கு இடமிராது. ஆகலின் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே பிளக்கின்றது. பிளவுண்ட கோலினை நரம்பு முனை மீண்டும் உள்வாங்கிப் புதுப்பொருள் ஆக்குகின்றது. செரட்டோனின், டோபமின் முதலியனவோ பிளவுபடாது முழுமையாகவே மீட்கப்படுகின்றன.

பொருளேயன்றிக் குமிழியின் உறையும் மீட்கப்படுகின்றது. 1973-ல் ஹியூசர், ரீஸ் என்னும் அறிஞர்கள் தவளை நரம்பைத் தொடர்ந்து தூண்டிப் பார்த்தனர். குமிழிகள் குறைந்தன, முனையின் புறவுறை விரிந்தது. ஓய்வளித்தபின் குமிழிகள் மீண்டும் பெருகின. நரம்பின் புறத்தே அவர்கள் இட்டிருந்த அடையாளப்பொருள் குமிழிகளின் உள்ளே காணப்பட்டது. ஆகவே புறவுறையினின்றே குமிழிகள் மீண்டும் உருவாயின என்பது துணிபு. சுண்டெலியின் மூளைச் சந்திகளில் இம்மீட்சி ஒரு விநாடியின் பத்திலொரு பங்குக்குள் நிகழ்தலும் உண்டென 2013-ல் அறிந்தனர்.

இம்மீட்சி இல்லையேல் யாது நேரும்? பழ ஈக்களுள் ஷிபிரே என்னும் ஒரு பிறழ்வு வகை உண்டு. வெப்பம் ஏறத்தாழ 30 பாகையை எட்டின் அவ்வீக்கள் செயலற்று வீழ்கின்றன. குளிர்வித்தால் எழுந்து நடக்கின்றன. குமிழியைப் புறவுறையினின்று கிள்ளியெடுக்கும் டைனமின் என்னும் புரதம் அவற்றில் வெப்பத்தால் செயல் இழக்கின்றது. மீட்க இயலாமையால் குமிழிகள் தீர்ந்துபோக, நரம்பு வாளாவிருக்கின்றது.

ஈக்கு உற்ற இந்நிலை மனிதர்க்கு அயலானதன்று. கெட்ட உணவில் தோன்றும் பொட்டுலினம் என்னும் நஞ்சு, குமிழியை உறையோடு இணைக்கும் புரதங்களை வெட்டுகின்றது. தூதுப்பொருள் வெளிப்படாமையால் தசைகள் தளர்ந்து மூச்சு நிற்கின்றது. பயிர்ப்பூச்சிகளைக் கொல்லத் தெளிக்கும் கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளோ, அசிட்டைல்கோலினைப் பிளக்கும் நொதியை முடக்குகின்றன. அவை மிகுதியாக உடலிற் சேரின் தூதுப்பொருள் நீங்காது தேங்க, தசைகள் துடிதுடித்துப் பின் ஓய, அங்கும் மூச்சே நிற்கின்றது. ஒன்றில் ஈதல் இல்லை, மற்றொன்றில் அகற்றுதல் இல்லை, முடிவோ ஒன்றே. மருந்து தெளிப்போர் கையுறையும் முகமறைப்பும் அணிதல் வேண்டுமென அறிவுறுத்துவதன் காரணம் இதுவே.

ஈதல் ஒன்றனையே நரம்பின் தொழிலெனக் கொள்ளுதல் குறையுடைத்து. ஈந்ததை அகற்றலும், அகற்றியதை மீட்டலும், மீட்டதைக் கொண்டு மீண்டும் ஈதலும் கூடியதே அதன் முழுத்தொழில். இவ்வரிகளின்மேல் நம் கண்கள் ஓடும் இவ்வேளையிலும் அத்தொழில் கோடிக்கணக்கான சந்திகளில் ஓய்வின்றி நடைபெறுகின்றது. அஃது இடையறின் யாழின் நரம்பு ஒலிக்கலாம். உடலின் நரம்பு ஒலிக்காது.