வலியை அளத்தல்

பொன்னை நிறுக்கத் துலாக்கோல் உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. காய்ச்சலைக் காட்ட வெப்பமானி உண்டு. வலியை அளக்கும் கோல் யாது? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் பலர் முயன்றனர்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஹார்டி, வுல்ஃப், ஹெலன் குடெல் அம்மையார் என்னும் மூவர் 1940ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மின்விளக்கின் ஒளியை வில்லையாற் குவித்து, மை பூசிய நெற்றியில் மூன்று விநாடி விழச் செய்தனர். வெப்பம் ஓரளவு மிகுந்ததும் சுருக்கெனக் குத்தும்; அதனையே வலியின் தொடக்கமாகக் குறித்தனர். அச்சோதனைக்குத் தம் நெற்றியையே அவர்கள் காட்டியமை போற்றத்தக்கது. வலி தொடங்கும் அளவு மாந்தர்க்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றே எனவும் கருதினர்.

பின்வந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. ஒருவர் எளிதிற் பொறுக்கும் சூடு மற்றொருவர்க்குப் பெருந்துன்பமாயிற்று. மனநிலையும் வலியைக் கூட்டும், குறைக்கும். இரண்டாம் உலகப் போரில் கொடிய காயமுற்ற வீரர் பலர், வலி தணிக்கும் மருந்தை வேண்டாதிருந்ததைப் பீச்சர் என்னும் மருத்துவர் 1946இல் எடுத்துரைத்தார்.

ஆதலின், இக்காலத்து ஆய்வுகள் பலவற்றில் எல்லோர்க்கும் ஒரே சூடு இடுவதில்லை. முன்கையிற் சிறு தகடொன்றைப் பொருத்தி, 32 டிகிரி செல்சியசிலிருந்து சூட்டை ஏற்றுவர். வலியின்மைக்குச் சுழி, பொறுக்கவொண்ணா வலிக்கு 100 எனக் கொண்டு, ஆய்வுக்கு உட்படுபவர் ஓர் எண் கூறுவார். பலவேறு சூடுகளை இவ்வாறு பன்முறை இட்டு அளவறிவர். ஒருவர் 46 டிகிரியில் 60 என்னலாம். மற்றொருவர் 48 டிகிரியில் அவ்வெண்ணையே கூறலாம். எனின், முன்னவர்க்கு 46, பின்னவர்க்கு 48 என வகுப்பர்.

இங்ஙனம் வகுப்பதன் பயன் யாது? சூடு குறைந்தால் வலி தோன்றாது. தோன்றாத வலியை மருந்து தணித்ததா என அறிதல் எங்ஙனம்? சூடு மிகுந்தாலோ, உதவ வந்தவர் வீணே வருந்துவார். ஆதலால் தோல் புண்படாவண்ணம் ஓர் உச்சவரம்பும் முன்னரே விதிப்பர். அவ்வரம்பை எட்டாவிடினும், உட்படுபவர் ‘போதும்’ என்ற அளவில் நிறுத்துதல் ஆய்வாளர் கடன். வீரம் காட்டி வலியைக் குறைத்துக் கூறுதலும், அஞ்சி மிகைப்படுத்துதலும் ஆய்வைப் பிழைபடுத்தும். உள்ளவாறு உரைத்தலே உதவியாகும்.

சூட்டை அளப்பது கருவி. வலியை அளப்பவர் அதனை உறுபவரே. நோயுற்றார் ஒருவர் ‘வலிக்கிறது’ என்னும்போது, ‘இதற்கா இவ்வளவு?’ என இகழ்தல் தகாது. தம் உடலைக் கொண்டு பிறர் உடலை அளவாமையே அறிவு, அதுவே அருளுமாம்.