பேறுகாலச் செவிலியர் ஆவது எப்படி? ஏனாத்தூரிலிருந்து கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஏனாத்தூரில் மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நர்சிங் கல்லூரியும் இருப்பதால், காஞ்சிபுரம் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு நர்சிங் புதிதல்ல. ஆனால் "படிச்சு முடிச்சிட்டு என்ன பண்ணப்போற?" என்று கேட்டால் ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், வெளிநாடு என்றுதான் பதில் வரும். பிரசவம் பார்ப்பதையே தொழிலாக எடுத்துக்கொள்ளும் பேறுகாலச் செவிலியர் என்ற பாதையைச் சொல்பவர்கள் குறைவு. பிளஸ் டூ முதல் மேற்படிப்பு வரை அந்தப் பாதையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் படிப்பு?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே ஆய்வு சொல்லும் இன்னொரு கணக்கு: 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. சிசேரியன் உயிர் காக்கும் அறுவை. தேவைப்படுபவருக்கு அது தாமதமாகக் கூடாது. சிக்கல் எதுவும் இல்லாத தாய்க்கோ, கூடவே இருந்து, தைரியம் சொல்லி, பொறுத்திருந்து சுகப்பிரசவம் பார்க்க ஆள் வேண்டும். பேறுகாலச் செவிலியரின் வேலை அது.

இதில் மாணவிக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. சுகப்பிரசவம் குறைவாக நடக்கும் இடத்தில் சுகப்பிரசவம் பார்க்கக் கற்பது கடினம். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் சான்றிதழுக்கு முன்னால் லேபர் வார்டைப் பாருங்கள்.

படி 1: எந்தப் படிப்பில் நுழைவது?

மூன்று வாசல்கள் உண்டு.

• ஏ.என்.எம்.: 2 ஆண்டு. கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு.
• ஜி.என்.எம்.: 3 ஆண்டு டிப்ளமோ. பிறகு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து முதுநிலைக்குப் போகலாம்.
• பி.எஸ்சி. நர்சிங்: 4 ஆண்டு. மேற்படிப்பு வரை போக நினைப்பவர்களுக்கு நேர்வழி.

பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, குறைந்தது 45 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சேர்க்கை முறை மாறக்கூடியது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு அந்தந்த ஆண்டு வெளியிடும் அறிவிக்கையையே நம்புங்கள்.

படி 2: கல்லூரியில் என்ன கேட்பது?

கட்டடம், பஸ் வசதி, ஹாஸ்டல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை வேறு. இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் இந்த ஆண்டுக்கு உண்டா? பிரசவப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்? அங்கே மாதத்துக்கு எத்தனை பிரசவம், அதில் எத்தனை சுகப்பிரசவம்? ஒரு ஷிப்டில் லேபர் வார்டில் எத்தனை மாணவிகள் நிற்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மூன்றாம், நான்காம் ஆண்டு அக்காக்களிடம்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

படி 3: லேபர் வார்டில் கற்க வேண்டியது

2021இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் 8 செமஸ்டராகப் பிரிக்கப்பட்டது. பேறுகாலப் பாடம் 6, 7ஆம் செமஸ்டர்களில் வருகிறது. பார்த்த கேஸ்கள் அனைத்தையும் கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துக்காக ஓடாமல், பிரசவம் முன்னேறுவதை நேரவாரியாகக் குறிக்கும் படிவமான பார்ட்டோகிராஃபைக் கற்றுக்கொள்ளுங்கள். வார்டில் உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த ஆசிரியர் அந்த ஒற்றைத் தாள்தான்.

வழக்கமான முறையில், கருப்பைவாய் 4 செ.மீ. விரிந்ததும் பார்ட்டோகிராஃபை வரையத் தொடங்குவார்கள். அரைமணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக் குறிக்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்பதை வயிற்றில் கைவைத்தே எண்ண வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை. மணிக்கு 1 செ.மீ. என்ற வேகத்தில் ஓர் எச்சரிக்கைக் கோடு சாய்வாக ஏறும். அதற்கு நாலு மணி நேரம் தள்ளி இன்னொரு கோடு இருக்கும். நீங்கள் குறித்த புள்ளி முதல் கோட்டைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்; மேல் மருத்துவமனைக்கு அனுப்பவும் தயாராக வேண்டும். இரண்டாவதைத் தொட்டால் இனிப் பொறுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கொண்டுவந்த புதிய படிவம் 5 செ.மீ.யிலிருந்து தொடங்குகிறது, இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வார்டுக்கு வெளியே கற்கவும் நிறைய உண்டு. காஞ்சிபுரத்தில் கர்ப்பிணியிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால் "தறியில உட்கார்றேன்" என்ற பதில் வரலாம். குழித்தறியா, எத்தனை மணி நேரம் கால் தொங்கப்போட்டு மிதிக்கிறார், எழுந்து நடக்கிறாரா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று அடுத்தடுத்துக் கேட்டால்தான் கால் வீக்கத்தையும் முதுகுவலியையும் சரியாக எடைபோட முடியும். வீக்கம் என்றாலே தறிதான் காரணம் என்று விட்டுவிடாமல் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

படி 4: பதிவு

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. தமிழ்நாடு நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. இங்கே நர்ஸ், மருத்துவச்சி என்ற இரண்டு தகுதியும் ஒரே படிப்பில் கிடைத்துவிடுகின்றன. அதனாலேயே இரண்டாவது தகுதியை முழுதாகப் பயன்படுத்தாமல் பலர் வேறு வார்டுகளுக்குப் போய்விடுகிறார்கள்.

படி 5: முதல் இரண்டு ஆண்டுகள்

பதிவு முடிந்ததும் பிரசவம் அதிகம் நடக்கும் மருத்துவமனையில் லேபர் வார்டு போஸ்டிங் கேட்டு வாங்குங்கள். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும். பலருக்கு முதலில் தொகுப்பூதியம்தான், காலமுறை ஊதியத்துக்குக் காத்திருக்க நேரும். இதைத் தெரிந்தே இறங்குங்கள்.

படி 6: மேற்படிப்பில் இரண்டு கிளை

எம்.எஸ்சி. நர்சிங் 2 ஆண்டு. மகப்பேறு, மகளிர் நோய் நர்சிங் என்ற சிறப்புப் பிரிவை எடுக்க வேண்டும். பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஓராண்டு பணி அனுபவமும் தேவை. பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் விருப்பம் இருந்தால் இது சரி.

பிரசவ அறையிலேயே இருக்க விரும்பினால், மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்த என்.பி.எம். (நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி) பயிற்சி இருக்கிறது. 18 மாதம், பிரசவம் பார்த்த 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். படித்தவர்கள், சிக்கலற்ற பிரசவங்களைத் தாங்களே பொறுப்பேற்று நடத்தும் பிரிவுகளில் பணிபுரிய வேண்டும் என்பது திட்டம். இதற்கு முன்னோடி தெலங்கானா. ஹைதராபாத் பெர்னாண்டஸ் மருத்துவமனையின் துணையோடு 2017இல் கரீம்நகரில் அரசு செவிலியர்களுக்கு இந்தப் பயிற்சி தொடங்கியது.

படி 7: வெளிநாடு போகிறவர்களுக்கு

பிரிட்டனில் நர்ஸ், மிட்வைஃப் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனித் தேர்வு. அமெரிக்காவில் நர்ஸ்-மிட்வைஃப் ஆவதற்கு முதுநிலைப் பட்டமும் தனித் தேர்வும் வேண்டும். இங்கே கேஸ் புக்கை ஒழுங்காக வைத்திருந்தால், பயிற்சி விவரம் கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை.

விண்ணப்பம் போடும் முன்

2023இல் தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் நிறைவேறியிருப்பதால் விதிகள் மாறலாம். அறிவிக்கைகளைத் தொடர்ந்து பாருங்கள். கட்டணத்தையும் கல்விக்கடனையும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நைட் டியூட்டி பற்றியும் இப்போதே அப்பா அம்மாவிடம் பேசிவிடுங்கள். பிரசவ வலி நேரம் பார்த்து வராது. ராத்திரி வார்டுக்குப் போகத் தயங்குகிறவர்கள் இந்தத் தொழிலில் பாதியைத்தான் கற்பார்கள்.