சி டிரைவை அடைக்கும் பழைய அப்டேட் பைல்கள்

"நான் பெரிதாக எதையும் சேர்க்கவில்லையே, சி டிரைவ் எப்படி நிறைந்தது?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் விண்டோஸ்தான் காரணம். அப்டேட் பதியும்போது பழைய சிஸ்டம் பைல்களையும் அது வைத்துக் கொள்கிறது. புதிய பதிப்புக்கு மாறினால், பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற போல்டரில் தங்கிவிடும். பல ஜிபி இடம் போய்விடும். 128 ஜிபி லேப்டாப்பில் இது பெரிய இழப்பு.

புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பவே இந்த ஏற்பாடு. எனவே எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்த்த பிறகே நீக்கவும். நீக்கிவிட்டால் திரும்பும் வழி இல்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் சென்று சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என வரிசையாகக் கிளிக் செய்திடவும். சிறிது நேரத்தில் பட்டியல் கிடைக்கும். 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்', 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' ஆகியவை அதில் இருந்தால் டிக் செய்து, 'ரிமூவ் பைல்ஸ்' பட்டனை அழுத்தவும். முடியும்வரை கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். அதை டிக் செய்யாதீர்கள். சம்பளச் சீட்டு, பி.எப். பாஸ்புக், ஆதார் பிடிஎப் எல்லாம் பலருக்கு அங்கேதான் கிடக்கின்றன.

2. கடையில் டிரைவை பார்மட் செய்யாமல் விண்டோஸை மீண்டும் பதிந்திருந்தால், உங்கள் பழைய பைல்கள் விண்டோஸ்.ஓல்ட் போல்டரில் 'யூசர்ஸ்' என்பதற்குள் இருக்கலாம். தொரப்பள்ளியில், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் போய்விட்டன என்றே நினைத்திருந்தார். படங்கள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. முதலில் அவற்றை பென் டிரைவில் காப்பி செய்து, திறந்து பார்த்து, அதன் பிறகே போல்டரை நீக்கினோம். விண்டோஸ் இந்தப் போல்டரைச் சில நாட்களில் தானாகவே அழித்துவிடக் கூடும். தள்ளிப் போட வேண்டாம்.

3. விண்டோஸ் போல்டருக்குள் உள்ள 'வின்எஸ்எக்ஸ்எஸ்' பெரிதாகத் தெரியும். அதில் கை வைத்து எதையும் அழிக்காதீர்கள். கம்ப்யூட்டர் இயங்கத் தேவையான பைல்கள் அங்கே உள்ளன.

அடுத்த அப்டேட்டுக்கும் இடம் வேண்டும் அல்லவா? ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.