பெட்டி இழுக்கத் தொடங்கும் தம்பிக்கு

கடன்பட்டு லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு ட்ரக்டர் ஒன்றை வாங்கி, பின்னால் இழுவைப் பெட்டியைக் கொளுவி, மரக்கறியோ விறகோ மணலோ ஏற்றிப் பிழைக்கலாம் என்று தெமோதரைப் பக்கத்தில் புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கு இது. தம்பி, எஞ்சின் ஓட்டத் தெரிந்தவன் எல்லாம் பெட்டி இழுக்கத் தெரிந்தவன் இல்லை. ஏற்றத்தில் நீ பெட்டியை இழுக்கிறாய். இறக்கத்தில் பெட்டி உன்னைத் தள்ளுகிறது. ஹாலிஎல வழியாகப் பதுளைச் சந்தைக்குப் போகும்போது நமக்குப் பாரமும் இறக்கமும் சேர்ந்தே வரும். திரும்பும்போது வெறும் பெட்டியும் ஏற்றமும். ஆகவே இந்த ஊரில் இழுக்கப் பழகுவது பாதித் தொழில்தான். பிடித்து நிறுத்தப் பழகுவதே மீதி.

1. பாரத்தைக் கண்ணால் அளக்காதே, கிலோவில் கணக்குப் பார். சீமெந்து மூட்டை 50 கிலோ. இருபது மூட்டை ஏற்றினால் ஒரு டொன். மணலில்தான் பலர் ஏமாறுவார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே நாலு டொன்னைத் தாண்டும். கால் கியூப் ஏற்றினாலும் ஒரு டொன்னுக்கு மேல்; மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். பெட்டியில் இடம் இருக்கிறது என்பது ஏற்றுவதற்குக் காரணம் ஆகாது. எஞ்சின் செய்த கம்பனி எவ்வளவு இழுக்கலாம் என்று சொல்லியிருக்கிறதோ, மலைப்பாதையில் அதற்கும் குறைத்தே ஏற்று.

2. பாரத்தின் நடு, அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்னால் கூடினால் பெட்டி, முன்வண்டியோடு இணையும் கொளுவியை மேலே தூக்கும். முன்வண்டியின் டயர் நிலத்தைப் பிடிக்காது. கொஞ்சம் வேகம் எடுத்தாலும் பெட்டி இரு பக்கமும் ஆடும். முன்னால் மிதமிஞ்சினால் ஹேண்டில் கீழே அழுந்தி, எஞ்சின் மூக்கு மேலே எழும்பும். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் படுக்கையும் அடுப்பும் வைத்த சின்ன வீட்டு வண்டியை இழுத்துச் சுற்றுலா போகிறவர்களுக்கும் இதே பாடம்தான்: மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொளுவியில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பாரமானதை அடியில் வை, உருளக்கூடியதைக் கயிறு போட்டுக் கட்டு. இறக்கத்தில் உருண்டு முன்னால் வரும் ஒரு மரக்கட்டை, நீ போட்ட கணக்கை எல்லாம் மாற்றிவிடும்.

3. புறப்படுமுன் கொளுவியைக் கையால் தொட்டுப் பார். ஆணி தேய்ந்திருக்கிறதா, ஆணி கழலாமல் இருக்கப் போடும் பூட்டூசி இருக்கிறதா என்று விரல் சொல்ல வேண்டும். பூட்டூசிக்குப் பதிலாகக் கம்பித் துண்டு முறுக்கி ஓட்டுவது கூடாது. ஒரு சங்கிலியும் போடு. ஆணி போனாலும் பெட்டி தனியே ஓடிவிடாது.

4. பெட்டியில் பிரேக் இல்லாவிட்டால் அதை வாங்காதே. பெட்டியின் சில்லு பிடித்தால் வண்டி நேராக நிற்கும். முன்வண்டி மட்டும் பிடித்தால் பெட்டி பக்கவாட்டில் சுற்றி வந்து உன்னையே இடிக்கும்.

5. சரிவுக்கு மரியாதை கொடு. நம்முடைய தெமோதரை ஸ்டேஷனைப் பார். ரயில் பாதை ஒரு மலையைச் சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தால் போகிறது. 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் சரியக் கூடாது என்று பாதை போட்டவர்கள் கட்டுப்பட்டதால் வந்த சுற்று அது. அந்தச் சரிவில் 1000 கிலோ பாரம் ஏறக்குறைய 23 கிலோ பலத்தோடுதான் முதுகில் தள்ளும். பத்தடிக்கு ஓர் அடி இறங்கும் தோட்டப் பாதையிலோ அதே பாரம் 100 கிலோ பலத்தோடு தள்ளும். ரயிலே சுற்றிப் போன ஊரில் குறுக்குப் பாதை தேடாதே.

6. கியரை மேட்டிலேயே போடு. ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதுவே. சந்தேகம் இருந்தால் ஒன்று குறைத்துப் போடு. இறக்கம் தொடங்கிய பிறகு கியர் மாற்றப் போனால், கிளச் பிடித்த அந்த நொடியில் எஞ்சினின் பிடி போய்விடும். மறுபடி கியர் விழாமலும் போகலாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது இங்கே தற்கொலை. பிரேக்கை மட்டும் நம்பி நெடுக மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும் என்பதையும் மறக்காதே.

7. லேண்ட்மாஸ்டர்காரர் கட்டாயம் அறிய வேண்டியது இது. மட்டமான பாதையில் இடது கிளச்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். பெட்டி தள்ளுகிற இறக்கத்தில் அதையே செய்தால் வலப்பக்கம் திரும்பும். எஞ்சின் பிடியிலிருந்து விடுபட்ட இடது சில்லு சுதந்திரமாக ஓடும், வலது சில்லை எஞ்சின் பிடித்துவைத்திருக்கும். அதனால் வண்டி வலப்பக்கம் சுழலும். பள்ளத்தை விட்டு விலக நினைத்துப் பள்ளத்துக்கே போவது இப்படித்தான். இறக்கத்தில் இடது வலது கிளச்சுகளைத் தொடாதே; ஹேண்டிலை உடம்பால் தள்ளித் திருப்பு. நாலு சில்லு ட்ரக்டர் என்றால், இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொண்டியால் சேர்த்துப் பூட்டாமல் ரோட்டுக்கு ஏறாதே.

8. முடக்கில் பெட்டி உன் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். இடது முடக்கில் ஒட்டித் திருப்பினால் பெட்டியின் சில்லு கானுக்குள் விழும். முடக்குக்கு முன்பே வேகத்தைக் குறை, ஹோன் அடி, ஏறி வருகிறவனுக்கு இடம் கொடு. பனிமூட்டத்தில் பின்னால் வரும் பஸ்காரனுக்கு உன் பெட்டி தெரிய வேண்டும். பின் விளக்கும் சிவப்பு ஒளித்தகடும் சேறு படியாமல் இருக்கட்டும்.

9. சரிவில் நிறுத்தினால் முதல் வேலை, சில்லுக்குக் கட்டை கொடுப்பது. கல் நழுவும், ஆப்பாகச் சீவிய மரக்கட்டை இரண்டைப் பெட்டியிலேயே வைத்துக்கொள். கட்டை கொடுக்காமல் கொளுவியைக் கழற்றாதே.

10. பெட்டியில் ஆளேற்றாதே. கொழுந்து நிறுக்கப் போகும் பெண்களானாலும், பள்ளிக்கூடப் பிள்ளைகளானாலும், திருவிழாக் கூட்டமானாலும் முடியாது என்று சொல். கொளுவிக் கம்பியில் குந்தி வருவதை ஒருவருக்கும் விடாதே; தவறினால் பெட்டியின் சில்லு நேராக மேலே ஏறும். கேட்டது சொந்த மாமாவே ஆனாலும், கோபித்தால் கோபிக்கட்டும்.

11. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணை நம்பாதே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது இதே பதுளை மாவட்டத்தில்தான். பாதையோரம் வெடித்திருந்தால், கானில் தண்ணீர் திடீரென்று கலங்கி ஓடினால், பாரத்தோடு அந்த ஓரத்தில் ஏறாதே. மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் வண்டி வீட்டில் நிற்கட்டும்.

12. லைசன்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வராதே. லேண்ட்மாஸ்டருக்கு ஜீ1 வகுப்பு வேண்டும். உன் லைசன்ஸில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று முதலில் பார்.

இவ்வளவையும் ஒன்றாக மனதில் வைக்க முடியாவிட்டால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்: தீர்மானமெல்லாம் மேட்டில் நிற்கும்போதே எடு. இறக்கத்தைப் பார்த்து மனம் தயங்கினால், பாதிப் பாரத்தை இறக்கிவிட்டு இரண்டு நடையாகப் போ. இரண்டாவது நடைக்கு டீசல்தான் செலவு. அதை அடுத்த சந்தையில் சம்பாதித்துக்கொள்ளலாம், தம்பி.