மழை வந்தால் கரண்ட் போகிறதா?

கேள்வி: மழை பெய்தாலே எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது. அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டவே வேண்டாம், சகோதரி. ஃபேஸில் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். குறைகிற மின்சாரம் ஈரச்சுவர் வழியாகவோ, மனித உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. மழையில் மட்டும் விழுகிறது என்றால், வெளிச்சுவர் விளக்கு, கேட் விளக்கு, மோட்டார் சுவிட்ச் என எதிலோ தண்ணீர் இறங்குகிறது என்றே சந்தேகிக்க வேண்டும். போர்டு நனைந்திருந்தால் தொடாதீர்கள். காய்ந்திருந்தால், உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வையுங்கள். எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஏனென்றால், சிங்கிள் போல் எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை.

எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். ஆகவே ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்லாதீர்கள். கோளாறுள்ள லைனின் இன்சுலேஷனை மெக்கர் என்ற சோதனைக் கருவியால் சோதித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.