கவான்சைட்: வாகோலியின் நீலக் கனிமம்

புணே நகரின் வடகிழக்கில் லோஹேகாவ் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள விமான நிலையத்தால் அதன் பெயர் பலரும் அறிந்ததே. அதற்குத் தென்கிழக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தொலைவில், நகர் சாலையை ஒட்டி வாகோலி அமைந்துள்ளது. இவ்வட்டாரம் முழுவதற்கும் கரிய பசால்ட் பாறையே அடித்தளமாகும். சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிய ஜல்லிக்காக வாகோலியின் குவாரிகளில் இப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. அவ்வாறு வெட்டிய பாறையின் பொள்ளல்களில், வெண்ணிறப் படிகங்களின் மேல் அமர்ந்த ஆழ்ந்த நீலநிறக் கொத்துகளாகக் கிடைத்த கனிமமே கவான்சைட். உலகின் காட்சிச்சாலைகளில் வைக்கப்பட்டுள்ள சிறந்த கவான்சைட் மாதிரிகளுள் பெரும்பாலானவை வாகோலியிலிருந்து சென்றவையே.

பாறையில் நீலநிறத்தைக் கண்டவுடன், "இது செம்புக் கனிமம்" என்று கூறுதல் பலருக்கும் இயல்பு. செம்பின் கனிமங்கள் பல நீலமாகவும் பச்சையாகவும் இருப்பதே இதற்குக் காரணம். ஆயினும் கவான்சைட்டில் செம்பு இல்லை. களப்பணியாளர் ஒருவர் தம் குறிப்பேட்டில் செம்பு என்று எழுதிவிடின், இல்லாத தாதுவைத் தேடிப் பிறர் அலைய நேரிடும். உண்மையில் கிடைத்த அரிய பொருளோ பதிவாகாமலே போகும். எனவே ஒரு கனிமத்தின் பெயரை எதனைக் கொண்டு உறுதிசெய்வது என்னும் கேள்வியை இக்கனிமத்தின் வாயிலாக ஆராய்வது பயனுடையது. நிறம் போதுமா? இரசாயனச் சேர்க்கை போதுமா? அன்றி, அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையையும் அறியவேண்டுமா?

கனிமம் தோன்றிய இடம்

ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கு இந்தியாவில் நிலத்தின் வெடிப்புகள் வழியாகப் பாறைக்குழம்பு பெருகி, படலம் படலமாகப் பரவியது. அப்படலங்களே தக்காணப் படிப்பாறைகள் எனப்படுகின்றன. இன்றும் அவை சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அவற்றின் மொத்தக் கனம் சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கு மேற்படும்.

குழம்பு ஆறியபோது, அதனுள் அடங்கியிருந்த வாயுக்கள் குமிழிகளாகி மேலெழுந்தன. வெளியேற இயலாத குமிழிகள் பாறையில் பொள்ளல்களாக நின்றுவிட்டன. பின்னர் வெந்நீர் பாறையின் வெடிப்புகளிலும் பொள்ளல்களிலும் ஊடுருவிச் சென்றது. அது பாறையிலிருந்து சிலிக்கா, கால்சியம், அலுமினியம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு, தகுந்த நிலை ஏற்பட்டபோது அவற்றைப் படிகங்களாகப் படியவிட்டது. ஹியூலண்டைட், ஸ்டில்பைட் முதலிய சியோலைட்டுகளும், அவற்றுடன் காணப்படும் அபோபிலைட்டும் கால்சைட்டும் இவ்வாறு தோன்றியவை.

பசால்ட் பாறையில் வனேடியம் என்னும் உலோகம் மிகச் சிறிய அளவில் உண்டு. பத்து இலட்சம் பங்கில் சில நூறு பங்கு என்று கொள்ளலாம். இந்த அற்ப அளவையும் வெந்நீர் திரட்டி ஒரு பொள்ளலில் சேர்க்கும்பொழுதே கவான்சைட் உருவாகும். அதற்கு ஏற்ற சூழ்நிலை எங்கும் அமைவதில்லை. சியோலைட்டுகள் தக்காணம் எங்கும் மிகுதியாகக் கிடைக்க, கவான்சைட் மட்டும் அரிதாக இருப்பது இதனாலேயே.

வாகோலி மாதிரிகளில் கவான்சைட் பெரும்பாலும் ஸ்டில்பைட்டின் மேல் அமர்ந்திருக்கும். கீழுள்ளது முதலில் தோன்றியது, மேலுள்ளது பின்னர் தோன்றியது என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவாகும். நிலப்படிவுகளின் வயதை வரிசைப்படுத்த உதவும் விதியை உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல்லிலேயே மாணவருக்குக் காட்டலாம்.

பெயரும் சேர்க்கையும்

இக்கனிமம் முதலில் விவரிக்கப்பட்டது அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்து மாதிரிகளைக் கொண்டேயாகும். ஓவைஹீ அணைக்கருகிலும் கோபிள் என்னும் இடத்துக்கருகிலும் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்து, ஸ்டேப்பிள்ஸ், எவன்ஸ், லிண்ட்சே ஆகிய மூவரும் 1973-ஆம் ஆண்டில் விவரத்தை வெளியிட்டனர். கால்சியம், வனேடியம், சிலிக்கான் என்னும் மூன்று மூலகங்களின் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளை இணைத்துக் கவான்சைட் என்னும் பெயர் ஆக்கப்பட்டது. 1980-களின் இறுதியிலிருந்து வாகோலி மாதிரிகள் மிகுதியாக வெளிவரத் தொடங்கின. அவற்றை எக்ஸ்-கதிர், வெப்பம், அகச்சிவப்புக் கதிர் ஆகியவற்றால் சோதித்து, பவார், பைரப்பா ஆகிய இந்திய அறிஞர்கள் 2001-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர்.

கவான்சைட்டின் சேர்க்கையில் ஒரு கால்சியம் அணுவுக்கு ஒரு வனேடியம் அணுவும், நான்கு சிலிக்கான் அணுக்களும், பதினோர் ஆக்ஸிஜன் அணுக்களும், நான்கு நீர் மூலக்கூறுகளும் உள்ளன. எடை அளவில் கணக்கிட்டால், நூறு பங்கில் சிலிக்கா 53.2, வனேடியம் டை ஆக்ஸைடு 18.4, கால்சியம் ஆக்ஸைடு 12.4, நீர் 16.0 பங்காகும். அணு எடைகளின் அட்டவணையைக் கொண்டு உயர்வகுப்பு மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

புறப்பண்புகள்

நிறம்: ஒளிரும் நீலம், சில மாதிரிகளில் பசுமை கலந்த நீலம். நான்கு இணைதிறனுடைய வனேடியமே இந்நிறத்துக்குக் காரணம்.

கீற்றின் நிறம்: நீலம் தோய்ந்த வெண்மை.

உருவம்: ஊசி போன்ற அல்லது பட்டகம் போன்ற சிறு படிகங்கள், ஒரு மையத்திலிருந்து ஆரங்களாகப் பரவி உருண்டைகளாகவும் பூங்கொத்துகளாகவும் அமைந்திருக்கும். படிகத் தொகுதி செஞ்சாய்சதுரம்.

மிளிர்வு: கண்ணாடி போன்றது.

கடினத்தன்மை: மோஸ் அளவையில் 3 முதல் 4 வரை. எஃகுக் கத்தியால் எளிதில் கீறலாம்.

ஒப்படர்த்தி: 2.2 முதல் 2.3 வரை.

இப்பண்புகளைச் செம்புக் கனிமங்களின் பண்புகளுடன் ஒப்பிட்டுக் காண்க. நீலநிறமுள்ள அசுரைட்டின் கடினத்தன்மை 3½ முதல் 4 வரை ஆதலின், கீறிப் பார்ப்பதால் மட்டும் அதனை வேறுபடுத்த இயலாது. ஆனால் அதன் ஒப்படர்த்தி ஏறக்குறைய 3.8, கையில் எடுத்தாலே கனம் தெரியும். அசுரைட் ஒரு கார்பனேட்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும். கவான்சைட் அவ்வாறு பொங்குவதில்லை. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வாகோலி மாதிரிகளில் கால்சைட் ஒட்டியிருத்தல் உண்டு. அதுவும் அமிலத்தில் பொங்கும். எனவே நீலத் துணுக்கை மட்டும் தனியே பிரித்தெடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, அதன் பின்னரே அமிலத் துளியை இடவேண்டும்.

கிரைசோகொல்லா என்னும் மற்றொரு செம்புக் கனிமம் இலேசானது. அமிலத்தில் பொங்குவதும் இல்லை. ஆதலின் மேற்கண்ட இரு சோதனைகளும் இதற்குப் பயன்படா. எனினும் இது தெளிவான படிகங்களாக அமையாமல், பூச்சுப் போலவும் கட்டியாகவும் இருக்கும். மேலும் இதன் தூளை அமிலத்தில் இட்டு, அக்கரைசலில் துருவற்ற இரும்பாணி ஒன்றை வைத்தால், ஆணியின் மேல் செந்நிறச் செம்பு படியும். கவான்சைட்டின் தூளில் செம்பு படிவதில்லை. இச்சோதனைக்குக் கடுகளவு துணுக்கே போதும். நல்ல மாதிரியை இதற்காக உடைத்தல் கூடாது.

சிலிக்கேட்டுகளின் வரிசையில் இதன் இடம்

எல்லாச் சிலிக்கேட்டுகளுக்கும் அடிப்படை அலகு ஒன்றே. ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் ஒரு நான்முகியின் மூலைகளில் நிற்கும். இந்நான்முகிகள் தனித்து நிற்கின்றனவா, மூலைகளைப் பகிர்ந்துகொண்டு இணைகின்றனவா என்பதைப் பொறுத்தே சிலிக்கேட்டுகள் வகுக்கப்படுகின்றன.

இதனை விளக்க, இந்தியாவில் நன்கு அறியப்பட்ட மாங்கனீசுச் சிலிக்கேட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். மூலக அட்டவணையில் வனேடியம் 23-ஆம் இடத்திலும் மாங்கனீசு 25-ஆம் இடத்திலும் உள்ளன. இரண்டும் நிறமுள்ள சேர்மங்களைத் தரும் உலோகங்கள். நாகபுரி, பண்டாரா, பாலகாட் மாவட்டங்களின் மாங்கனீசுப் பகுதியில் ஸ்பெசார்ட்டைன் என்னும் மாங்கனீசுக் கருமணிக்கல்லும், இளஞ்சிவப்பான ரோடனைட்டும் காணப்படுகின்றன. ஸ்பெசார்ட்டைனும் குவார்ட்சும் சேர்ந்த பாறைக்கு அப்பகுதியின் கோண்டு மக்களின் பெயரால் கோண்டைட் என்று பெயரிட்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பெர்மர். மாங்கனீசுத் தாதுக்களைப் பற்றிய அவருடைய விரிவான நூல் 1909-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஸ்பெசார்ட்டைனில் நான்முகிகள் தனித்து நிற்கின்றன. சிலிக்கானுக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள விகிதம் 1:4. ரோடனைட்டில் அவை சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன, விகிதம் 1:3. கவான்சைட்டிலோ ஒவ்வொரு நான்முகியும் மூன்று மூலைகளைப் பகிர்ந்துகொள்வதால் அவை தாள் போன்ற படலமாக விரிகின்றன, விகிதம் 2:5. ஆகவே இது தாள் சிலிக்கேட்டு வகுப்பில் வைக்கப்பட்டுள்ளது. (பதினோர் ஆக்ஸிஜன் அணுக்களுள் பத்தே படலத்தைச் சேர்ந்தவை, எஞ்சிய ஒன்று வனேடியத்துடன் மட்டும் நெருங்கிப் பிணைந்தது.)

ஆயினும் அப்பிரகத்தைப் போல இது ஏடு ஏடாக உரிவதில்லை. வனேடியமும் கால்சியமும் ஒரு படலத்தை அடுத்த படலத்துடன் பிணைக்கின்றன. இடையிலுள்ள வழிகளில் நீர் மூலக்கூறுகள் தங்கியுள்ளன. வெப்பப்படுத்தினால் அந்நீர் படிப்படியாக வெளியேறும். இவ்வகையில் கவான்சைட் தனக்கு அருகில் வாழும் சியோலைட்டுகளை ஒத்தது. எனினும் அது சியோலைட் அன்று.

பென்டகோனைட் என்னும் இணை

இதுகாறும் கூறியவற்றால், சேர்க்கையை அறிந்தால் கனிமத்தை அறிந்துவிடலாம் என்று தோன்றக்கூடும். அவ்வாறன்று என்பதைப் பென்டகோனைட் காட்டுகிறது. கவான்சைட்டுடன் ஒருங்கே 1973-இல் விவரிக்கப்பட்ட இக்கனிமம் வாகோலியிலும் கிடைத்துள்ளது. இதன் சேர்க்கை கவான்சைட்டின் சேர்க்கையே. ஓர் அணுவும் கூடவோ குறையவோ இல்லை. நிறமும் நீலமே. படிகத் தொகுதியும் செஞ்சாய்சதுரமே. இரண்டும் தாள் சிலிக்கேட்டுகளே.

வேறுபாடு படலத்தின் பின்னலில் உள்ளது. கவான்சைட்டின் படலம் நான்கு நான்முகிகள் கொண்ட வளையங்களாலும் எட்டு நான்முகிகள் கொண்ட வளையங்களாலும் ஆனது. பென்டகோனைட்டின் படலமோ ஆறு நான்முகிகள் கொண்ட வளையங்களால் ஆனது. ஒரே நூலைக் கொண்டு இருவேறு பாய் பின்னியதற்கு இது ஒப்பாகும். எவன்ஸ் எக்ஸ்-கதிர் முறையால் இவ்விரு அமைப்புகளையும் கண்டு 1973-இல் வெளியிட்டார்.

உள்ளமைப்பின் இவ்வேறுபாடு வெளியிலும் தோன்றும். பென்டகோனைட் படிகங்கள் ஐந்து சேர்ந்து ஒட்டிவளர்ந்து, குறுக்குவெட்டில் ஐந்து முனை விண்மீன் போலக் காணப்படும். ஐங்கோணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது இதனாலேயே. மாதிரியில் அது பெரும்பாலும் நீண்ட, தனித்தனியான பட்டகங்களாக நிற்கும். கவான்சைட் நெருங்கிய உருண்டைகளாகும். இவ்வடையாளம் முதல் ஊகத்துக்கு உதவும், முடிவுக்குப் போதாது. முனைவாக்க நுண்பெருக்கியில் பார்த்தால் கவான்சைட்டின் ஒளியியற் குறி நேர். பென்டகோனைட்டின் குறி எதிர். எக்ஸ்-கதிர்ச் சோதனை ஐயத்தை முற்றிலும் நீக்கும்.

ஆகவே நிறம் ஊகத்தைத் தருகிறது. சேர்க்கை அவ்வூகத்தைக் குறுக்குகிறது. அமைப்பே முடிவைத் தருகிறது.

களப்பணியாளர் கவனத்துக்கு

கவான்சைட் வனேடியத் தாதுவாகப் பயன்படத்தக்கதன்று. கிடைக்கும் அளவு மிகச் சிறிது. அதன் மதிப்பு அறிவியலைச் சார்ந்தது. அம்மதிப்பும் கிடைத்த இடத்தின் பதிவோடு கட்டுண்டது. ஒரு பொள்ளல் வெட்டப்பட்டு, உடைக்கும் இயந்திரத்தில் விழுந்துவிடின், அதிலிருந்த படிகங்கள் ஜல்லியோடு ஜல்லியாகிவிடும். மீட்டெடுத்த மாதிரியும், "பூனா" என்ற ஒரே சொல்லுடன் பெட்டியில் இடப்பட்டால், பாதி இழந்ததற்குச் சமமே. எந்தக் குவாரி, எந்தப் படலம் என்று தெரியாதபோது, வனேடியம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு அம்மாதிரியால் விடை கூற இயலாது.

ஆதலின் குவாரி உரிமையாளரின் இசைவு பெற்று, வெடிவைப்பு இல்லாத வேளையில் மட்டும் உள்ளே செல்க. மாதிரியை எடுக்குமுன் அது இருந்த நிலையை வரைந்துகொள்க. குவாரியின் இடம், தரையிலிருந்து ஆழம், பாறையின் தன்மை, உடனிருந்த கனிமங்கள், எதன் மேல் எது அமர்ந்துள்ளது என்பது, நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி மாதிரியுடன் இணைக்க. பெயர் ஐயமாயின் "நீலக் கனிமம், ஆய்வுக்குரியது" என்று எழுதுதல் குறைவன்று. பிழையான பெயரைப் பின்னர்த் திருத்தலாம். எழுதப்படாத இடத்தைப் பின்னர்க் கண்டறிய இயலாது.

வகுப்புக்குரிய வினாக்கள்

1. அசுரைட், கிரைசோகொல்லா, கவான்சைட் ஆகிய மூன்றையும் பிரித்தறிய எச்சோதனைகளை, எவ்வரிசையில் செய்வீர்கள்?

2. ஒரு மாதிரியில் ஹியூலண்டைட்டின் மேல் ஸ்டில்பைட்டும், அதன் மேல் கவான்சைட்டும் உள்ளன. அவை தோன்றிய வரிசை யாது?

3. சேர்க்கை ஒன்றாயிருந்தும் கவான்சைட்டும் பென்டகோனைட்டும் வெவ்வேறு கனிமங்களாகக் கொள்ளப்படுவது ஏன்? சேர்க்கை ஒன்றாகிய வைரத்தையும் காரீயத்தையும் (பென்சில் கரி) ஒப்பிட்டு விளக்குக.