செல்ப் எடுக்காத அம்பாசிடர்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலைத் தூவுகிறது. அருவியில் நீராட வருவோர்க்கு அது இன்பம். ஐந்தருவிப் பக்கம் பல நாள் திறந்த வெளியில் நிற்கும் பழைய அம்பாசிடர் காருக்கு அவ்வளவு நல்லதன்று.

அத்தகைய கார் ஒன்றைக் கிளப்புவதாகக் கொள்வோம். முன்விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹாரனும் ஒலிக்கிறது. ஆனால் செல்ப் மோட்டார் 'டொக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. "பேட்டரி போய்விட்டது" என்பார் ஒருவர். "செல்ப் மோட்டார் போய்விட்டது" என்பார் இன்னொருவர். இரண்டுமே விலை மிகுந்த தீர்ப்புகள்! பணத்தைச் செலவிடுமுன் ஓம் விதியிடம் ஒரு வார்த்தை கேட்போமா?

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரிலும், ஏனைய கார்களிலும், விளக்குக்குப் பெரும்பாலும் ஒரு கம்பிதான் செல்லும். மின்னோட்டம் திரும்பி வரும் பாதை காரின் இரும்பு உடலே. இதையே 'எர்த்' என்கிறோம். பேட்டரியின் ஒரு முனை தடித்த கம்பியால் உடலோடு முடுக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்பில் செம்பு, ஈயம், இரும்பு ஆகியவை ஒன்றையொன்று தொடுகின்றன. இடையில் சாரலின் ஈரமும் பேட்டரியின் அமிலக் கசிவும் சேர்ந்தால், பள்ளியில் நீங்கள் படித்த வோல்டா மின்கலம் அங்கே உருவாகிவிடும். செம்பைவிட வினைத்திறன் மிக்க இரும்பு அரிக்கப்படுகிறது. துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது.

அதனால் அந்த இணைப்பில் 0.03 ஓம் தடை தோன்றியதாகக் கொள்வோம். மிகச் சிறிய அளவுதான். 45 வாட் முன்விளக்குகள் இரண்டும் 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும். இணைப்பில் இழப்பு 7.5 × 0.03, அதாவது கால் வோல்ட்டுக்கும் குறைவு. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. செல்ப் மோட்டாரோ 100 ஆம்பியர் கேட்கும். அப்போது இழப்பு 3 வோல்ட்! மோட்டார் முடங்குவதில் வியப்பென்ன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செல்பை இயக்காமல் வோல்ட்மீட்டரை வைத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மின்னோட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. டெஸ்ட் லாம்ப்பும் பொய் சொல்லும், ஏனெனில் அந்தச் சிறு பல்புக்கு அரை ஆம்பியரே போதும். ஓம்மீட்டராலும் பயனில்லை. அதன் கம்பிகளின் தடையே 0.03 ஓமைவிடப் பெரிது.

ஆகவே, செல்ப் இழுக்கும்போதே அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பெரியவர் ஒருவர் சாவியைத் திருப்பட்டும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை உடலின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அந்த இணைப்பே. அங்கே இழப்பில்லாமல் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அழுத்தம் 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், பேட்டரியை ஐயுறலாம்.

இன்னொரு இடமும் உண்டு. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மீது அமர்ந்திருப்பதால், அதை உடலோடு இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று வேண்டும். அது அறுந்தால், செல்ப் இழுக்கும்போதும் விளக்குகள் அதிகம் மங்கா. மின்னோட்டம் வேறு வழி தேடி, சோக் கம்பி வழியாகவும் பாயக்கூடும். சோக் கம்பி சுட்டால் காரணம் இதுவே!

பழுது நீக்குவது எளிது. முதலில் எர்த் கம்பியைக் கழற்றி (மாட்டும்போது அதுவே கடைசி), இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவுக. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படுமாதலால் அருகில் தீக்குச்சி கூடாது.

பின்விளக்கிலும் இதே வேடிக்கை நடப்பதுண்டு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக ஒளிரும்! அங்கே எர்த் கெட்டுவிட்டது. பிரேக் விளக்கின் மின்னோட்டம், இண்டிகேட்டர் பல்பின் இழை வழியே வீடு திரும்புகிறது.